முன்னால் நிற்பவனின் மட்டை

குமரா, முதலில் சாப்பிட்டுவிடு. இந்தக் கடிதம் நீளமாகத்தான் வரும். பசியோடு படித்தால் பாதியில் மடித்து வைத்துவிடுவாய். சித்தப்பா இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரவாங்குக்குத் திரும்புகிறார். நீ கேட்ட கறுப்பு மட்டை அவருடைய காரின் பின்சீட்டில் வரும். அதன் உறைக்குள் இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். போனில் சொன்னால் போதாதா என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுகிறாய். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. உன் அப்பா சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் பத்திரிகை படிப்பதுபோல உட்கார்ந்திருக்கிறார். "ஒரு ரேக்கெட் அனுப்புறதுக்கு இவ்வளவு பேப்பரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நடந்ததை நான் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். தவறு இருந்தால் திருத்து. மாநில அணியின் ஒற்றையர் பட்டியலில் உன் பெயர் வரவில்லை. நீ அன்றைக்கே பையைக் கட்டிக்கொண்டு ரவாங்குக்குப் போய், சித்தப்பா வேலை செய்யும் தொழிற்சாலையில் தற்காலிகமாகச் சேர்ந்துவிட்டாய். நீ போன பிறகுதான் போர்ட் கிள்ளானிலிருந்து அந்தச் சரக்கு நிறுவனத்துக்காரர் நம் வீட்டைத் தேடி வந்தார். நிறுவனங்களுக்கு இடையே நடக்கும் பூப்பந்துப் போட்டிக்கு அவர்களுக்கு ஓர் இரட்டையர் ஜோடி வேண்டும். ஜோடியாகச் சேர்பவர்களுக்குக் கிடங்கு அலுவலகத்தில் நிரந்தர வேலையும் உண்டு. அவர்கள் கேட்பது உன்னையும் ஹக்கீமையும். கிளப்பில் நீங்கள் இருவரும் சேர்ந்து ஆடியதை அவர் ஓரமாக நின்று பார்த்திருக்கிறார். ஒருவரை மட்டும் எடுக்க மாட்டார்களாம். நீ மறுத்தால் ஹக்கீமுக்கும் இல்லை. பதிலைத் திங்கட்கிழமை சொல்ல வேண்டும். அதாவது நாளைக்கு.

செவ்வாய்க்கிழமை நான் இதைப் போனில் சொன்னபோது நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "அம்மா, ஹக்கீம் பின்னால நின்னு ஸ்மாஷ் அடிப்பான். நான் முன்னால நின்னு ஈ ஓட்டணுமா?" என்றாய். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "ஒத்தையில ஆடித் தோத்தா நான் தோத்தேன். ரெண்டு பேரா ஆடினா யாரு தோத்தாங்கன்னே தெரியாது," என்றாய். அதற்கு நான் பதில் யோசிப்பதற்குள், கறுப்பு ரேக்கெட்டை மட்டும் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்பச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். உன்னுடைய முதல் பேச்சு கர்வம். இரண்டாவது பேச்சு பயம். முதலாவதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை, அது தானாகவே போய்விடும். இரண்டாவதற்குத்தான் இவ்வளவு காகிதம்.

நேற்றுக் காலை உன் அறைக் கதவில் தொங்கிய இரண்டு மட்டைகளையும் எடுத்து வந்து மேசையில் பக்கம் பக்கமாக வைத்தேன். கறுப்பு மட்டையின் தண்டை ஆள்காட்டி விரலின் மேல் குறுக்காக வைத்து, எந்த இடத்தில் அது சாயாமல் நிற்கிறது என்று தேடினேன். விரல் நரம்புப் பக்கமாக வெகுதூரம் போக வேண்டியிருந்தது. அதன் பாரம் எல்லாம் தலையில் இருக்கிறது. தண்டு விறைப்பு, வளைத்தாலும் வளையவில்லை. நரம்பை நீ இறுக்கிக் கட்டியிருக்கிறாய். விரலால் சுண்டினால் கீச்சென்று சத்தம் வருகிறது. தலைக்கு மேல் தூக்கி வீசிப் பார்த்தேன். முதலில் கை போகிறது, மட்டையின் தலை ஒரு கணம் தாமதித்துப் பின்னால் வருகிறது. ஆனால் வந்துவிட்டால் அப்புறம் நம்மைக் கேட்பதில்லை. தன் பாரத்திலேயே பாய்ந்து போகிறது. கடைசிக் கோட்டில் நின்று எதிராளியின் கடைசிக் கோட்டுக்கு ஷட்டலைத் தள்ள இதைவிட நல்ல மட்டை வேண்டாம். ஒற்றையர் ஆட்டத்தில் அதற்கு நேரமும் இருக்கிறது. ஷட்டல் மேலே ஏறி இறங்குவதற்குள் நீ காலை ஊன்றி, தோளைத் திருப்பி, மட்டையைத் தூக்கிக் காத்திருக்கலாம்.

நீல மட்டை வேறு ஜாதி. அதற்கு விரலைக் கைப்பிடிப் பக்கம் கொண்டுவந்தால்தான் சமமாக நிற்கிறது. தலையில் பாரமே இல்லை. தண்டு கொஞ்சம் இளகிக் கொடுக்கிறது. வீசினால் கையும் மட்டையும் ஒன்றாகப் போய்ச் சேருகின்றன. போன வேகத்தில் திரும்பவும் வருகின்றன. நெஞ்சுக்கு நேராக வரும் ஷட்டலை இடப்பக்கம் தட்டிவிட்டு, அடுத்ததற்கு வலப்பக்கம் மட்டையை நீட்ட இதனால் முடியும், கறுப்பால் முடியாது. இரட்டையர் ஆட்டத்தில் ஷட்டல் உயரமாக ஏறுவதே குறைவு. வலையை உரசிக்கொண்டு தட்டையாக வந்துகொண்டே இருக்கும், யோசிக்க இடமில்லை. ஆனால் நீல மட்டை எதையும் இனாமாகத் தராது. கடைசிக் கோட்டிலிருந்து தூக்கி அடிக்க வேண்டுமானால் அந்தப் பலம் முழுவதும் உன் தோளிலிருந்துதான் வர வேண்டும். இது உன் அப்பா போன தீபாவளிக்கு வாங்கி வந்தது என்பது உனக்கு நினைவிருக்கும். உனக்குத் தோள் வலிக்கிறதென்று கிள்ளான் கடையில் "லேசா ஒண்ணு கொடுங்க" என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் புலம்பினார்: "பாரம் குறைஞ்சா விலையும் குறையணும். இவன் என்னடான்னா கூடக் கேக்குறான்." நீ அதை நான்கு தடவைகூடத் தொட்டிருக்க மாட்டாய். கைப்பிடியில் இன்னும் கடை வாசனை போகவில்லை.

இதெல்லாம் அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. உனக்கு என்னைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாகத்தான் தெரியும். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது, படிவம் நான்கில், பதினாறு வயதில், நான் பள்ளி நூலகத்தில் குடியிருந்தவள். பூப்பந்தைக்கூட நான் முதலில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நூலகத்தில் அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. எந்த மட்டை எதற்கு, எங்கே பாரம் இருந்தால் ஷட்டல் எப்படிப் பறக்கும் என்றெல்லாம் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். அதை மனப்பாடம் செய்துவிட்டு, பள்ளியில் யார் மட்டை கொண்டுவந்தாலும் வாங்கி விரலில் நிறுத்திப் பார்ப்பேன். "இது உனக்குச் சரிவராது," என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பேன். எனக்கு அப்போது ஆடவே வராது. கோமதி என்று என் வகுப்புத் தோழி ஒருத்தி இருந்தாள், நல்ல உயரம், வாய் அதைவிட நீளம். அவள்தான் ஒருநாள் என் கையில் ஒரு மட்டையைத் திணித்து, "டாக்டரம்மா, நாடி பார்த்தது போதும். கோர்ட்டுக்குள்ள வந்து ஊசி போடுங்க," என்றாள்.

இறங்கிய பிறகு நான் ஒற்றையர்தான் ஆடினேன். காரணம் சொன்னால் சிரிப்பாய். ஒற்றையர் ஆட்டத்தில் யாரிடமும் பேச வேண்டாம். என் அப்பா, நீ பார்த்த தாத்தாதான், ரயிலில் கார்டாக இருந்தார். அவர் எனக்கு மரச்சட்டமும் இரும்புத் தண்டும் உள்ள மட்டை ஒன்று வாங்கித் தந்தார். அப்போதெல்லாம் மரம் கோணிவிடாமல் இருக்க, ஆடி முடித்ததும் மட்டையை ஒரு மரக்கட்டைக்குள் வைத்து நான்கு மூலையிலும் திருகி இறுக்க வேண்டும். என் மட்டைக்குத் தலையில்தான் எல்லாப் பாரமும். புத்தகத்தில் ஒற்றையருக்குச் சொன்னது அப்படியே என் கையில் இருந்தது. கோமதி இரட்டையர் ஆடுபவள். அவளுடையது லேசான மட்டை. அதைப் பார்த்து நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இதை வச்சு ஈ ஓட்டலாம்." நீ செவ்வாய்க்கிழமை போனில் சொன்னதும் அதே வார்த்தைதான்.

அந்த வருடம் பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் என் ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு விழுந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூஜை. எங்கள் வீட்டில் அது பெரிய காரியம். என் அப்பா தன் கொடியையும் விசிலையும் சாமி மாடத்தில் வைப்பார், அம்மா தையல் கத்தரிக்கோலை வைப்பார், தம்பிகள் கணக்குப் புத்தகத்தை அடியில் தள்ளிவிட்டுச் சந்தோஷப்படுவார்கள். வைத்ததை மறுநாள் விஜயதசமி பூஜை முடியாமல் யாரும் தொடக் கூடாது. நான் என் புத்தகங்களோடு மட்டையையும் கொண்டுபோய் வைத்தேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை. எனக்கு அது புத்தகத்திலிருந்து வந்த பொருள், அவ்வளவுதான். கட்டையில் இறுக்கியபடியே வைத்து, நான்கு திருகாணிக்கும் சந்தனம் வைத்து, நரம்பின் நடுவில் குங்குமமும் வைத்தேன். அப்பா விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு அன்று மாலையே ஈப்போ ரயிலில் வேலைக்குப் போய்விட்டார். மறுநாள் மதியம் அவர் திரும்பி வந்துதான் பூஜை.

அவர் போன கொஞ்ச நேரத்தில் கோமதி சைக்கிளில் மூச்சிரைக்க வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடக்க வேண்டிய மண்டபத்தில் மலாய்க்காரர் வீட்டுக் கல்யாண விருந்தாம். ஆட்டங்களை ஒருநாள் முன்னால் தள்ளி, சனிக்கிழமை காலைக்கு மாற்றிவிட்டார்கள். நான் மாடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தார்.

"அம்மா, ஒரு சூடம் காட்டிட்டு எடுத்துக்கவா?"

"உங்கப்பா வரட்டும்."

"அப்பா வர்றதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிரும்மா."

"அப்ப முடியட்டும். சாமிகிட்ட கொடுத்துட்டு ராத்திரி தூங்கி எழுந்து திருப்பிக் கேக்குறதா? என்ன பழக்கம் அது?"

கோமதி வாசலில் நின்றபடியே மாடத்தை எட்டிப் பார்த்தாள். கணக்குப் புத்தகத்துக்கும் விசிலுக்கும் நடுவில் பொட்டு வைத்துக்கொண்டு என் மட்டை நின்றது. "அடிப்பாவி, ரேக்கெட்டுக்கு நீ கல்யாணமே பண்ணி வச்சிருக்கலாம்," என்றாள். பிறகு தோளிலிருந்த தன் மட்டையைக் கழற்றி நீட்டினாள். "என்கிட்ட ஈ ஓட்டுறதுதான் இருக்கு. வேணுமா, வேணாமா?"

மறுநாள் காலை என் எதிரில் நின்றவள் வேறு பள்ளிச் சீனப் பெண், என்னைவிட ஒரு வயது பெரியவள். முதல் ஆட்டம் எவ்வளவு கேவலமாகப் போனதென்று எழுதினால் உனக்கே பாவமாக இருக்கும். நான் என் மட்டையை நினைத்து வீசுகிறேன். கோமதியின் மட்டை ஷட்டலைக் கடைசிக் கோடு வரைக்கும் கொண்டுபோக மாட்டேன் என்கிறது. பாதியில் விழுந்த ஒவ்வொன்றையும் அவள் நிதானமாக அடித்து முடித்தாள். இடைவேளையில் கோமதி தண்ணீர் கொடுத்தாள். "என் ரேக்கெட்டுகிட்ட உன் ரேக்கெட் வேலையைக் கேக்காத," என்றாள். "அதுக்கு என்ன வருமோ அதைக் கேளு." அதற்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியும். படம் போட்டு விளக்கிய அந்தப் பக்கத்தை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். எனக்கு வேண்டாத பக்கம் என்று நினைத்துப் படித்தேன், அதுதான் வித்தியாசம்.

இரண்டாவது ஆட்டத்தில் நான் கடைசிக் கோட்டை விட்டுவிட்டு இரண்டு எட்டு முன்னால் வந்து நின்றேன். ஷட்டல் மேலே போய் இறங்குவதற்கு இடமே கொடுக்காமல், வந்த வேகத்தில் தட்டையாகத் திருப்பினேன். வலைக்குப் பக்கத்தில் மெதுவாக இறக்கினேன். கை தானாக அங்கே போய் நின்றது. எனக்கு அப்படிப்பட்ட கை இருக்கிறது என்று அதுவரை தெரியாது. அந்த ஆட்டத்தை நான் ஜெயித்தேன். மூன்றாவதில் கடைசி வரைக்கும் இழுத்துத் தோற்றேன். தோற்றுவிட்டு வெளியே வந்தபோது விளையாட்டு ஆசிரியை என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இதை இவ்வளவு நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். திங்கட்கிழமை என்னைக் கோமதியோடு இரட்டையரில் போட்டார். பள்ளி முடியும் வரை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் ஆடினோம். என் அப்பா அந்தச் சனிக்கிழமை மதியம் வந்து நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "எடுத்திருக்கலாமே. சாமி ஒண்ணும் கோவிச்சிருக்காது. உங்கம்மாதான் கோவிச்சிருப்பா."

மட்டை முக்கியமில்லை, ஆடுபவன் மனசுதான் முக்கியம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. மட்டை முக்கியம். ஒரு மட்டையை வருடக்கணக்கில் பிடித்தால் அது நம் காலை எங்கே வைப்பது, தோளை எப்போது திருப்புவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று எல்லாவற்றையும் பழக்கிவிடுகிறது. பிறகு நாம் அதை நம் குணம் என்று சொல்லிக்கொள்கிறோம். நீ உன்னை ஒற்றையர் ஆட்டக்காரன் என்கிறாய். எனக்குத் தெரிந்த கதையைக் கேள். உனக்கு எட்டு வயதில் மேருவில் இந்த வீட்டுக்கு வந்தோம். எனக்கு மாலைப் பள்ளி, அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட். நீ பள்ளி விட்டு வந்தால் வீட்டில் ஆள் இல்லை. என் பழைய மரமட்டையின் கைப்பிடியை அறுத்துக் குட்டையாக்கிக் கொடுத்துவிட்டுப் போவேன். நீ பின்சுவரோடு ஆடிக்கொண்டிருப்பாய். சுவர் அடித்ததைத் திருப்பித் தரும், பேசாது, தப்பு சொல்லாது. நீ ஒற்றையர் ஆட்டக்காரனாகப் பிறக்கவில்லை, குமரா. எங்கள் வேலை நேரமும் அந்தச் சுவரும் அந்தப் பாரமான மட்டையும் சேர்ந்து உன்னை அப்படி ஆக்கின. அதனால் நீ ஆடிய ஆட்டம் பொய் என்று சொல்லவில்லை. உன் ஆட்டத்தைப் பார்த்து நான் எவ்வளவோ தடவை பெருமைப்பட்டிருக்கிறேன். உனக்குள் வேறு ஆட்டம் இல்லவே இல்லை என்று மட்டும் முடிவுகட்டிவிடாதே என்கிறேன்.

இப்போது நீ, அம்மா அடுத்ததாகக் கல்யாணமும் இரட்டையர் ஆட்டம் மாதிரிதான் என்று எழுதப் போகிறாள் என்று பயப்படுவாய். எழுத மாட்டேன். எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் உன் அப்பா ஒருநாளும் என்னோடு கோர்ட்டில் இறங்கியதில்லை. நேற்றுத்தான் இறங்கினார், அதுவும் எதிர்ப்பக்கம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

நேற்று மாலை ஹக்கீம் வந்தான். மோட்டார் சைக்கிளை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்றான். நம் வரிசை வீடுகளில் ஓடி ஆடி வளர்ந்த பிள்ளை, தமிழை நம்மைவிட வேகமாகப் பேசுவான்.

"ஆன்டி, குமரன் இருக்கானா?"

"ரவாங்ல இருக்கான்பா. உனக்குச் சொல்லலையா?"

"சொல்லல." தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "பரவால்ல லா ஆன்டி. அவன் வேணாம்னா வேணாம்தான். நான் அவனைப் புடிச்சு இழுக்க வரல. ஆனா என்கிட்ட சொல்லணும்ல? மண்டே ஆபீஸ்ல நான் என்னன்னு சொல்றது?"

அவனுக்குத் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை, இந்த மாதத்தோடு முடிகிறது. அதை அவன் சொல்லவில்லை. உன் அப்பா கேட்டு வாங்கிய பிறகுதான் தெரிந்தது. உள்ளே வா, தேநீர் குடி என்றேன். வந்தவன் மேசையில் கிடந்த இரண்டு மட்டைகளையும் பார்த்தான். நீல மட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான், எடுக்கவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, நீல மட்டையை நான் எடுத்துக்கொண்டு, "வா, சந்துல ரெண்டு அடி அடிக்கலாம்," என்றேன். கறுப்பை அவனிடம் கொடுத்தேன். பக்கத்து வீட்டு ஓங் அங்கிள் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவரையும் கூப்பிட்டோம். ஆள் குறைகிறதே என்று உன் அப்பாவைப் பார்த்தேன். சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு உன் பழைய மட்டை ஒன்றோடு வந்துவிட்டார். இரண்டு வீட்டுக் கேட்டுக்கும் நடுவில் துணி காயப்போடும் கயிற்றைக் கட்டி அதுதான் வலை என்று முடிவு செய்தோம்.

நான் முன்னால் நின்றேன், ஹக்கீம் பின்னால். இத்தனை வருடம் கழித்து மட்டையை மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபோது முதலில் வெட்கமாக இருந்தது, இரண்டு அடிக்குப் பிறகு அது போய்விட்டது. உன் அப்பா அடித்த ஒன்றை அவர் காலடியிலேயே இறக்கினேன். "டீச்சர், மெதுவா," என்று ஓங் அங்கிள் சொன்னார். உன் அப்பா, "அவகிட்ட மெதுவா கிதுவா எல்லாம் சொல்லாதீங்க பாஸ், எடுபடாது," என்றார். முன்னால் நிற்பவனுக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது, குமரா. திரும்பிப் பார்த்தால் ஷட்டல் முகத்தில் விழும். பின்னால் இருப்பவன் காலடிச் சத்தத்தை வைத்து அவன் எங்கே இருக்கிறான், எதை அடிக்கப் போகிறான் என்று நாமாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஹக்கீம் அடிக்கப் போகும்போதெல்லாம் "எனக்கு" என்று ஒரு சொல் சொன்னான். அந்தச் சொல் கேட்டதும் என் தோள் தானாக இறங்கியது. அவன் ஈ ஓட்டும் வேலையை எனக்கு விட்டுவிட்டுத் தான் ராஜாவாக நிற்கவில்லை. அவன் பின்னால் ஓடிய ஓட்டமெல்லாம் நான் முன்னால் நிம்மதியாக நிற்பதற்காக.

ஒரு ஷட்டல் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தது. அவனுக்கென்று நான் விட்டேன். எனக்கென்று அவன் விட்டான். அது தரையில் விழுந்து உருண்டது. நான் உடனே "சாரிப்பா" என்றேன். ஹக்கீம் சிரித்துவிட்டான்.

"ஆன்டி, அச்சு அசல் குமரன் மாதிரியே."

"ஏன், அவன் என்ன செய்வான்?"

"சாரி சொல்லுவான். அவன் அடிச்சு வெளிய போனா சாரி, நான் அடிச்சு வெளிய போனாலும் சாரி. நடுவுல வந்தா விட்டுட்டுச் சாரி. நான் சொல்லிட்டேன், டேய், சாரி சொல்ற நேரத்துல 'எனக்கு'ன்னு சொல்லுடா, பாதி ஷட்டல் விழாது." தரையிலிருந்ததை மட்டையாலேயே வாரி எடுத்தான். "எல்லாரும் நினைக்கிறாங்க, அவன் எல்லாத்தையும் தானே அடிக்கணும்னு பாக்குறவன்னு. அது இல்ல ஆன்டி. அவன் ரொம்ப விட்டுக்கொடுக்குறான். முன்னால அவன் கை மாதிரி இந்த கிள்ளான்ல யாருக்கும் இல்ல. அவனுக்கு அது தெரியாது."

நேற்று அதற்கு மேல் நான் சரியாக ஆடவில்லை. நீ போனில் சொன்னதை நினைத்துக்கொண்டே இருந்தேன். இரண்டு பேராக ஆடினால் யார் தோற்றார்கள் என்று தெரியாது என்றாய். நீ பயப்படுவது உன் பங்கு யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்றா, அல்லது உன்னால் இன்னொருவன் தோற்றுவிடுவான் என்றா? இருபத்தோரு வருடம் உன்னோடு இருந்தும் எனக்கு அது முதலாவது என்றுதான் பட்டது. கிளப்பில் உன் பின்னால் நின்று ஆடிய ஹக்கீமுக்கு இரண்டாவது என்று தெரிந்திருக்கிறது. சுவரோடு ஆடும்போது நீ தவறவிட்டால் சுவருக்கு எதுவும் ஆகாது. ஆளோடு ஆடினால் ஆகும். அந்தப் பயம் கெட்ட பயமில்லை, அது இருப்பவனோடுதான் நான் ஜோடி சேர விரும்புவேன். ஆனால் அதை வைத்துக்கொண்டு ரவாங்கில் உட்கார்ந்திருந்தால், நீ பயந்தது அப்படியே நடந்துவிடும். நீ ஆடாமலே ஹக்கீம் தோற்பான்.

நான் இரண்டு மட்டைகளையும் உறையில் போட்டு அனுப்பத்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஆடி முடித்ததும் ஹக்கீம் நீல மட்டையை வாங்கித் தன் கையில் பிடித்துப் பார்த்தான். "பிடி ரொம்பச் சன்னம் ஆன்டி. குமரன் கை பெரிசு. இப்படிப் பிடிச்சா நழுவும், நழுவுமேன்னு இறுக்குவான், இறுக்கினா மணிக்கட்டு திரும்பாது," என்றான். புதுத் துணிப்பட்டை சுற்றி எடுத்து வருகிறேன் என்று கொண்டுபோயிருக்கிறான். குமரன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்னப்பா செய்வாய் என்று கேட்டேன். "சுத்தினது சுத்தினதா இருக்கட்டும். ரேக்கெட் நல்லா இருந்தா தப்பா?" என்றான். அதனால் உறையில் நீ கேட்ட கறுப்பு மட்டை மட்டும்தான் இருக்கும். அதை நீ வைத்துக்கொள். அது நல்ல மட்டை, அதோடு நீ ஆடியதெல்லாம் நல்ல ஆட்டம். ரவாங்கிலும் கோர்ட் இருக்கும், ஆள் கிடைப்பார்கள், தொழிற்சாலை வேலையும் மோசமில்லை. நீ அங்கேயே இருந்தாலும் எனக்கு நீ குறைந்தவனாக ஆகிவிட மாட்டாய். உன் அப்பாவும் இதையேதான் சொல்கிறார். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார், நீல மட்டையின் விலையைத் தவிர.

ஆனால் அம்மாவின் ஆசை என்ன என்று கேட்டால் மறைக்க மாட்டேன். நீ ஒருதடவையாவது அந்தப் பிள்ளைக்கு முன்னால் மட்டையைத் தூக்கிப் பிடித்து நிற்க வேண்டும். நடுவில் வரும் ஷட்டலுக்கு வாயைத் திறந்து "எனக்கு" என்று சொல்ல வேண்டும். அதை நான் மேடையிலோ பத்திரிகையிலோ பார்க்க வேண்டாம், இந்தச் சந்தில் பார்த்தாலும் போதும். உனக்கு அது வரும் என்று எனக்குத் தாயின் நம்பிக்கை இருப்பது பெரிதில்லை. தாய்க்கு எப்போதும் இருக்கும். ஆனால் தன் வேலையையே உன்மேல் வைத்துக் காத்திருக்கும் ஒருவனுக்கு இருக்கிறது. அவனுக்கு உன் முகத்தைவிட உன் முதுகுதான் நன்றாகத் தெரியும், அவன் சொல்வதை நீ நம்பலாம்.

சித்தப்பா கை கழுவிவிட்டார், கார் சாவியைத் தேடுகிறார். ஹக்கீம் இன்று இரவு வேலைக்குப் போகிறான், அதற்கு முன்னால் வீட்டில்தான் இருப்பான். அவன் வீட்டு எண் உனக்குத் தெரியும். வருகிறேன் என்றாலும் வரவில்லை என்றாலும் முதலில் அவனுக்குப் போன் செய், என் மகனே. எனக்கு நாளைக்குச் சொன்னால் போதும்.

அம்மா